வடநெம்மேலி விஷமும் இரட்டை ஊசியும்

ஒவ்வாமை மாத்திரையையும் ஸ்டீராய்டையும் சேர்த்து எடுக்கலாமா என்ற கேள்விக்கு மருந்தியல் புத்தகங்கள் தரும் பதில் சுருக்கமானது. அவில், சி.பி.எம்., செட்ரிசின் போன்றவை ஒரு வழியில் வேலை செய்கின்றன. பிரட்னிசலோன், டெக்சாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் போன்றவை முற்றிலும் வேறு வழியில் வேலை செய்கின்றன. ரத்தத்திலோ கல்லீரலிலோ இவை பெரிதாக மோதிக்கொள்வதில்லை. முதல் வகையில் பழைய மருந்துகளால் தூக்கம் வரும், வாய் உலரும். இரண்டாம் வகையால் சர்க்கரை ஏறும். நெடுநாள் எடுத்தால் எலும்பு வலுவிழக்கும். இரண்டையும் எடுப்பவர் இரண்டின் பக்கவிளைவுகளையும் சுமக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பேச்சு முடிந்துவிடும். இந்தப் பதிலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் இந்த இரண்டு மருந்துகளும் தனியாக மாத்திரை அட்டையில் மட்டும் வாழ்ந்தவை அல்ல. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் மருத்துவமனைகளில் இவை ஒரு ஜோடியாகவே ஊசிக்குழலில் ஏறியிருக்கின்றன. அந்த ஜோடியின் வரலாற்றில் முக்கியமான ஓர் அத்தியாயம் பாம்புக்கடி மருத்துவத்தில் இருக்கிறது. அதன் ஒரு வேர் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடற்கரையில் ஊன்றியிருக்கிறது. அந்த அத்தியாயத்தைப் படித்தால், இவ்விரண்டும் ஒன்றையொன்று கெடுக்கின்றனவா என்று பார்ப்பதைவிட, மூன்றாவதாக நிற்க வேண்டிய ஒரு மருந்தை, அட்ரினலினை, இவை என்ன செய்தன என்று பார்ப்பதே பொருத்தம் என்று தோன்றுகிறது.

இடத்திலிருந்து தொடங்கலாம். வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கும் ஊரப்பாக்கம், ஏரியும் வயலுமாக இருந்து மனைப்பிரிவுகளாக மாறிய ஊர்களில் ஒன்று. 2023 டிசம்பர் இறுதியில் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு அந்த மாற்றம் இன்னும் வேகம் பிடித்தது. ஏரிக்கரையும் காலி மனையும் கட்டுமானக் குவியலும் அடுத்தடுத்து இருக்கும் இத்தகைய புறநகர் விளிம்பு எலிக்கு ஏற்ற இடம். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். இங்கே ஒருவரைப் பாம்பு கடித்தால் அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வருகிறது. கிழக்கே வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் போய், கோவளத்தருகே கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி. மருத்துவமனையில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து தயாராவதற்கான விஷம் இந்த வடநெம்மேலியில்தான் எடுக்கப்படுகிறது. நோய்க்கும் மருந்தின் மூலப்பொருளுக்கும் நடுவில் இத்தனை குறைந்த தூரம் இருக்கும் நிலப்பகுதிகள் இந்தியாவில் அதிகம் இல்லை.

அங்கே விஷம் எடுக்கும் தொழில் வந்த கதை, இன்னொரு தொழில் அழிந்த கதையின் தொடர்ச்சி. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் இருளர்கள் நெடுங்காலம் பாம்பு பிடித்துத் தோலை வியாபாரிகளுக்கு விற்று வந்தார்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்த வருமானத்தை ஒரேயடியாக நிறுத்தின. சேலையூரில் சிறிய அளவில் ஒரு பாம்புப் பண்ணையைத் தொடங்கிப் பிறகு அதைக் கிண்டிக்கு மாற்றிய ராமுலஸ் விட்டேக்கர், இருளர்களின் திறமையை அருகிலிருந்து பார்த்தவர். தோலுக்காகக் கொல்லாமல் விஷத்துக்காகப் பிடித்துத் திரும்ப விடலாம் என்ற யோசனை 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமாக உருவெடுத்தது. வடநெம்மேலியில் அவர் நிறுவிய முதலைப் பண்ணை வளாகத்திலேயே அது இடம்பெற்றது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கைத்தான் பிடிக்கிறார்கள். மண்பானையில் சில வாரம் வைத்து, இடைவெளி விட்டு விஷம் எடுத்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, காட்டிலோ வயலோரத்திலோ விட்டுவிடுகிறார்கள். எடுத்த விஷம் உறையவைத்து உலர்த்தப்பட்டுத் தூளாகி மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தில் மிகப் பெரும்பகுதிக்கு இந்தச் சங்கத்தின் விஷமே அடிப்படையாக இருந்து வந்திருக்கிறது. அதே சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தது தாமதமான அங்கீகாரம் என்பதே என் எண்ணம்.

விஷத் தூள் மருந்தாக மாறுவது குதிரையின் உடலில். சிறுசிறு அளவில் விஷம் செலுத்தப்பட்ட குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தெடுத்துப் பாம்பு கடித்த மனிதருக்கு ஏற்றுகிறார்கள். 1890களின் நடுவில் பிரான்ஸின் ஆல்பெர் கால்மெட் காட்டிய வழி இது. இந்தியாவில் கசௌலி மத்திய ஆராய்ச்சி நிலையமும் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனமும் இதைக் கையாண்டன. குதிரைப் புரதத்தை மனித ரத்தத்தில் கலப்பதன் விலை ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. 1902இல் ஷார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும் நாய்களில் செய்த சோதனைகள், அந்நியப் புரதம் உடலைக் காப்பதற்குப் பதிலாகச் சில நிமிடங்களில் வீழ்த்தவும் கூடும் என்று காட்டின. அதற்கு அவர்கள் இட்ட பெயர் அனாஃபிலாக்சிஸ். 1913இல் ரிஷேக்கு நோபல் கிடைத்தது. 1905இல் பிர்கேயும் ஷிக்கும், சீரம் ஏற்றிச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வருவதை விரிவாக எழுதினார்கள். உடனடி ஆபத்து, தாமதித்து வரும் தொல்லை என்ற இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வாதம் எளிதாகும். இதே காலத்தில் ஜப்பானிய வேதியியலாளர் தகாமினே அட்ரினலினைப் பிரித்தெடுத்திருந்தார். அதாவது விஷமுறிவு மருந்தின் முதல் அரை நூற்றாண்டு முழுவதும் மருத்துவர் கையில் அதன் ஒவ்வாமைக்கு உருப்படியாக இருந்த மருந்து அட்ரினலின் ஒன்றே. அவிலும் இல்லை, ஸ்டீராய்டும் இல்லை.

அவை இரண்டும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் வந்து சேர்ந்தன. ஒவ்வாமையில் உடல் வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற பொருள் ரத்தக்குழாயை விரித்து மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது என்பதை ஹென்றி டேலும் லெய்ட்லாவும் 1910இல் காட்டியிருந்தார்கள். அதைத் தடுக்கும் முதல் மருந்தைப் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டோவும் 1937இல் அடையாளம் கண்டார்கள். 1940களின் நடுவில் டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், அவற்றைத் தொடர்ந்து பெனிரமின், குளோர்பெனிரமின் என்று வரிசையாக வந்தன. பெனிரமினை நாம் அவில் என்றும் குளோர்பெனிரமினைச் சி.பி.எம். என்றுமே அறிவோம். ஸ்டீராய்டின் தேதியோ நாள் வரை துல்லியமானது: 1948 செப்டம்பர் 21, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு கார்ட்டிசோன் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. படுக்கையில் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இலேயே ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டீன் மூவருக்கும் நோபல். போவேக்கு 1957இல். அந்தத் தலைமுறை மருத்துவர்களின் மனநிலையைப் புரிந்துகொள்வது கடினமல்ல. ஒவ்வாமையின் வேதிப்பொருளைத் தடுக்க ஒரு மருந்து, அழற்சியையே அடக்க இன்னொரு மருந்து. இரண்டும் சேர்ந்தால் ஒவ்வாமைக்கு எந்தப் பக்கமும் வழியிருக்காது. தர்க்கம் அழகாக இருந்தது. அதனால்தான் சோதித்துப் பார்க்கும் அவசரம் யாருக்கும் ஏற்படவில்லை என்று நினைக்கிறேன்.

தர்க்கத்தோடு வசதியும் சேர்ந்தது. இரண்டு ஆம்ப்யூல்களும் மலிவு, எங்கும் கிடைப்பவை. அரிப்பும் தடிப்பும் அவிலுக்குக் கண்ணெதிரே அடங்கும். நோயாளிக்கும் கூட வந்தவர்களுக்கும் அது தெரியும். பல ஒவ்வாமைகள் தாமாகவே தணிபவை என்பதால் கொடுத்த ஊசிக்குப் புகழ் சேர்ந்துகொண்டே போனது. இந்த ஜோடி பாம்புக்கடியோடு நிற்கவில்லை. தேள்கடி, வண்டுக்கடி, மருந்து ஒவ்வாமை, இளைப்பு, ஏன் சாதாரணக் காய்ச்சலுக்குக்கூட ‘அவில்-டெக்சா’ நாடு முழுவதும் சின்ன மருத்துவமனைகளின் அன்றாடமானது. மருந்துக்கடையில் காகித உறையில் மடித்துத் தரும் ‘செட்’ மாத்திரையிலும் ஒரு சி.பி.எம்.மும் ஒரு சிறிய ஸ்டீராய்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது வழக்கமானது. 1983 ஜூலையில் இந்திய அரசு பகுத்தறிவற்ற கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது, ஆஸ்துமாவுக்கானவை தவிர ஸ்டீராய்டை வேறு மருந்தோடு ஒரே மாத்திரையில் கலந்து உள்ளுக்குத் தருவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. தொழிற்சாலை கலக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ஊசிக்குழலில் கலப்பதை எந்தச் சட்டமும் தொடவில்லை. பாம்புக்கடிக்கு வந்தவருக்கு விஷமுறிவு மருந்தை ஏற்றுமுன் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராமும் ஓர் ஆம்ப்யூல் அவிலும் போடுவது, யாரும் முடிவெடுக்காமலே, ஒரு சடங்கைப் போல நிலைத்தது. ஒவ்வாமை வருமா என்று முன்கூட்டியே அறிய, நீர்த்த மருந்தைத் தோலுக்கடியில் போட்டுப் பார்ப்பதும் இன்னொரு சடங்கு. அது எதையும் முன்னறிவிப்பதில்லை என்று 1986இல் மலாசித், வாரல் குழுவினர் காட்டிய பிறகும் அது மெல்லத்தான் மறைந்தது.

இந்தச் சடங்கின் பலவீனம் கடிகாரத்தில் இருக்கிறது. ஸ்டீராய்டு செல்லுக்குள் புகுந்து மரபணுக்களின் வேலையை மாற்றி, புதிய புரதங்கள் உருவாவதன் மூலமும் சில உருவாகாமல் தடுப்பதன் மூலமும் வேலை செய்வது. அதன் பலன் முழுதாகத் தெரிய நான்கு முதல் ஆறு மணி நேரமாவது ஆகும். விஷமுறிவு மருந்தின் உடனடி ஒவ்வாமையோ பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. ஆக, மருந்தேற்றத் தொடங்கும்போது போடும் ஹைட்ரோகார்ட்டிசோன், ஆபத்து வந்து போன பிறகே விழித்தெழுகிறது. அவில் வேகமானது, ஆனால் அது ஹிஸ்டமினின் ஒரு வாசலை மட்டுமே அடைக்கிறது. விஷமுறிவு மருந்தின் ஒவ்வாமையில் ஹிஸ்டமின் பல பொருள்களில் ஒன்றுதான். முன்பு எப்போதுமே குதிரைப் புரதம் ஏற்றப்படாதவருக்கும் இது வருகிறது. புரதத் திரட்சிகள் ரத்தத்தின் வேறு தற்காப்பு அமைப்புகளை நேரடியாகத் தூண்டுவதும் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் அவில் அதைத் தூக்காது. மூச்சுக்குழாய் இறுகிவிட்டால் அவில் அதைத் திறக்காது. அட்ரினலின் இரண்டையும் நிமிடங்களில் செய்கிறது. அதோடு ஒவ்வாமைப் பொருள்கள் மேலும் வெளிவருவதையும் குறைக்கிறது. மூன்று மருந்துகளில் நேரத்தோடு ஓடக்கூடியது அது ஒன்றுதான். ஆனாலும் அதுவே கடைசியாக எடுக்கப்படும் மருந்தாகிவிட்டது.

ஐம்பது ஆண்டுத் தர்க்கத்தைச் சோதனைக்கு இழுத்தது 1999. அந்த ஆண்டு பிரேசிலிலிருந்து வந்த ஆய்வில், விஷமுறிவு மருந்துக்கு முன் புரோமெத்தசின் பெற்ற 49 பேரில் 12 பேருக்கும், வெற்று ஊசி பெற்ற 52 பேரில் 13 பேருக்கும் ஒவ்வாமை வந்தது. கிட்டத்தட்டச் சமம். அதே ஆண்டு இலங்கையிலிருந்து பிரேமவர்தன குழுவினரின் ஆய்வு: அட்ரினலினைச் சிறிய அளவில், கால் மில்லிலிட்டர் மட்டும், தோலுக்கடியில் முன்கூட்டியே பெற்ற 56 பேரில் 6 பேருக்கே ஒவ்வாமை, பெறாத 49 பேரில் 21 பேருக்கு. 2004இல் கவரம்மன குழுவினர், அதுவும் இலங்கையில், ஜோடியையே சோதித்தார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் மட்டும் பெற்றவர்களில் 80 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை, வெற்று மருந்து பெற்றவர்களில் 81. ஹைட்ரோகார்ட்டிசோனோடு குளோர்பெனிரமினும் பெற்றவர்களில் 52. ஜோடி ஜெயித்ததுபோல் தோன்றியது. ஆனால் மொத்தம் 52 நோயாளிகளே. பெரிய ஆய்வு 2011இல் வெளியானது. களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த த சில்வாவும் குழுவினரும் 1,007 பாம்புக்கடி நோயாளிகளை எட்டுப் பிரிவாகப் பிரித்து, அட்ரினலின், புரோமெத்தசின், ஹைட்ரோகார்ட்டிசோன் மூன்றையும் தனித்தனியாகவும் எல்லாச் சேர்க்கைகளிலும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கில் மூவருக்கு ஏதோ ஓர் ஒவ்வாமை வந்தது. கடுமையான ஒவ்வாமையை அட்ரினலின் முதல் மணி நேரத்தில் 43 விழுக்காடு குறைத்தது. புரோமெத்தசின் குறைக்கவில்லை. ஹைட்ரோகார்ட்டிசோன் குறைக்கவில்லை. கூடவே யாரும் எதிர்பாராத ஒரு முடிவு: அட்ரினலினோடு ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தபோது அட்ரினலினின் பலன் மறைந்துபோனது.

இந்தக் கடைசி முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் நிதானம் வேண்டும். எட்டாகப் பிரித்தபின் ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 125 பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த அளவில் இரண்டு மருந்துகளின் இடைவினையைக் கணக்கிடுவது மொத்தப் பலனைக் கணக்கிடுவதுபோல் உறுதியானதல்ல. மருந்தியல் அறிவும் இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது: ஸ்டீராய்டு பொதுவாக அட்ரினலினுக்கு உடல் செவிசாய்ப்பதைக் கூட்டும் என்றுதான் பாடம். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஹைட்ரோகார்ட்டிசோன் அட்ரினலினை ‘எதிர்க்கிறது’ என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மறுப்பாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜோடிக்கு ஆதரவாக இருப்பது 52 பேர். அதற்கு எதிராக, அல்லது குறைந்தபட்சம் அது பயனற்றது என்பதற்கு, ஆயிரம் பேருக்கு மேல். பெரிய ஆய்வின் ஒரு மூலையைச் சந்தேகிக்கும் அதே கண்டிப்பைச் சிறிய ஆய்வின் நடுப்பகுதிக்கும் காட்ட வேண்டாமா? பாம்புக்கடிக்கு வெளியே பொதுவான அனாஃபிலாக்சிஸுக்கும் இதே கதைதான். ஒவ்வாமை மருந்துகள் பற்றி 2007இலும் ஸ்டீராய்டு பற்றி 2010இலும் வெளியான முறைசார் மதிப்பாய்வுகள், அனாஃபிலாக்சிஸில் இவற்றின் பலனைக் காட்டும் தகுதியான ஒரு சீரற்றமுறை ஆய்வைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லின. ஐம்பது அறுபது ஆண்டுகள் ஒவ்வொரு நாளும் செய்த ஒன்றுக்குச் சான்று தேடியபோது அலமாரி காலியாக இருந்தது.

மருத்துவர்கள் தரப்பில் எழும் அடுத்த மறுப்பு இன்னும் கனமானது: அட்ரினலின் பயப்பட வேண்டிய மருந்து. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தவரின் ரத்தம் உறையாது. அந்த நிலையில் திடீரென்று ரத்த அழுத்தத்தை ஏற்றினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். வயதானவர், இதயநோயாளி என்றால் பயம் இரட்டிப்பாகும். இரவுப் பணியில் தனியாக இருக்கும் இளம் மருத்துவர் அவிலை எடுப்பார், அட்ரினலினை யோசிப்பார். இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் முன்தடுப்புக்குச் சிரையிலே போடாமல் தோலுக்கடியில், கால் மில்லிகிராம் என்ற சிறிய அளவில் சோதித்தார்கள். 1999 ஆய்வில் அட்ரினலினால் குறிப்பிடத்தக்க தீங்கு எதுவும் பதிவாகவில்லை. ஒவ்வாமை உண்மையிலேயே தொடங்கிவிட்டால் அரை மில்லிகிராமைத் தசையில் போடுவதுதான் நெறி. அங்கே தயங்குவதன் ஆபத்து போடுவதன் ஆபத்தைவிடப் பெரிது. ஆனால் பயத்தைத் தர்க்கத்தால் மட்டும் தீர்க்க முடியாது. கையில் இரண்டு ‘பாதுகாப்பான’ ஊசிகள் இருக்கும்வரை மூன்றாவதைத் தள்ளிப்போட ஒரு மரியாதையான வழி இருந்துகொண்டே இருக்கும். இந்த ஜோடியின் உண்மையான இடைவினை இங்கேதான் நடக்கிறது என்பது என் வாதம். அது மூலக்கூறுகளுக்கு நடுவில் நடப்பதல்ல. மருத்துவர் எந்த ஆம்ப்யூலை முதலில் உடைக்கிறார் என்பதில் நடக்கிறது. நோயாளிக்கு எதையோ செய்துவிட்ட திருப்தியையும், பின்னால் யாராவது கேட்டால் எல்லாம் கொடுத்தோம் என்று சொல்லும் சீட்டையும் அந்த இரண்டு ஊசிகள் சேர்த்தே தருகின்றன.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, போட்டால் என்ன என்பவர்களுக்குக் கட்டு விரியன் பதில் சொல்லும். இரவில் தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிப்பது அதன் வழக்கம். கடித்த இடத்தில் பல நேரம் வலியோ வீக்கமோ இராது. விஷம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகிறது. முதல் அடையாளம் இமை தொங்குவது, பார்வை இரட்டையாவது, பேச்சு குழறுவது, பிறகு விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சுத் தசைகளின் செயலிழப்பு. நல்ல பாம்பிலும் ஏறத்தாழ இதே வரிசை. மருத்துவர் மணிக்கொருமுறை அந்த இமைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவிலும் புரோமெத்தசினும் தூக்கம் வரவழைப்பவை. அதிகாலை மூன்று மணிக்கு இமை சரிந்து கிடக்கும் ஒருவரைப் பார்த்து, இது விஷமா ஊசியா என்று யோசிக்க வைப்பது சின்னக் கெடுதல் அல்ல. விஷம் என்று தவறாக எண்ணினால் தேவையில்லாமல் இன்னும் சில குப்பி குதிரைப் புரதம் ஏறும். ஊசி என்று தவறாக எண்ணினால், செயற்கைச் சுவாசம் தேவைப்படும் நேரம் கைநழுவும். ஸ்டீராய்டு ஒரே ஒரு தடவை போட்டால் இவ்வளவு தொல்லை இல்லை; ஆனால் ஜோடியாகப் போடும் பழக்கம் எதைத் தனியாக நிறுத்துவது என்ற கேள்வியையே எழவிடுவதில்லை.

பழியை ஊசிகள்மேல் போடுவதைவிட விஷமுறிவு மருந்தின் தரத்தின்மேல் போடுவதே சரி என்று ஒரு தரப்பு சொல்லும். அதில் பெரும் உண்மை இருக்கிறது. அந்த உண்மை நம்மை மறுபடி வடநெம்மேலிக்குக் கொண்டுவருகிறது. இந்திய மருந்தின் ஒரு மில்லிலிட்டர், நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமையும் மற்ற இரண்டின் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்க வேண்டும் என்பது அளவீடு. பத்து மில்லிலிட்டர் கொண்ட குப்பிகளில் எட்டு முதல் பத்து வரை முதல் தவணையிலேயே ஏற்றுகிறார்கள். இத்தனை குப்பிகள் ஏன் தேவைப்படுகின்றன? பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறுவது. செங்கல்பட்டுப் பக்கத்துப் பாம்புகளின் விஷத்தை வைத்து உருவான மருந்து பஞ்சாபிலோ வடகிழக்கிலோ ராஜஸ்தானிலோ அதே வலுவோடு வேலை செய்யாது என்பதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்திய மருந்தையே நம்பியிருக்கும் இலங்கையில் பாம்புகளின் விஷம் இன்னும் விலகியது. மருந்து முறிக்காத இடத்தில் குப்பிகள் கூடுகின்றன. குப்பிகள் கூடினால் ஏறும் குதிரைப் புரதம் கூடுகிறது. ஒவ்வாமைக்கான வாய்ப்பும் கூடுகிறது. அப்போது ‘முன்னெச்சரிக்கை’ ஊசிகள் இன்னும் இன்றியமையாதவையாகத் தோன்றுகின்றன. இது இருளர் சங்கத்தின் குறையல்ல. நாடு முழுவதற்குமான விஷத்தை ஒரு கடற்கரையின் கூட்டுறவுச் சங்கத்திடமே பெரும்பாலும் கேட்டு நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர்களின் குறை. ஆனால் மருந்தின் தரம் உயர்வதற்குக் காத்திருக்கும் காலத்தில் அட்ரினலினை அருகில் வைக்க எதுவும் தடையில்லை. அந்த வகையில் இந்த மறுப்பு என் வாதத்துக்கு ஆதரவாகவே முடிகிறது.

நெறிமுறைகள் மெல்ல நகர்ந்திருக்கின்றன. தென்கிழக்காசியாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டி, தோல் சோதனையைக் கைவிடச் சொல்கிறது. முன்தடுப்பாக ஒவ்வாமை மருந்துக்கும் ஸ்டீராய்டுக்கும் சான்றில்லை என்கிறது, அட்ரினலினையே முன்வைக்கிறது. பிரிட்டனின் உயிர்மீட்பு மன்றம் 2021இல் இன்னும் வெளிப்படையாகப் பேசியது: அனாஃபிலாக்சிஸின் முதல்கட்டச் சிகிச்சையில் ஒவ்வாமை மருந்து வேண்டாம், ஸ்டீராய்டு வழக்கமாக வேண்டாம். இந்திய அரசு 2024 மார்ச்சில் பாம்புக்கடிக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்ற மதிப்பீட்டோடு பார்த்தால் இது முன்பே நடந்திருக்க வேண்டியது. கடிகளும் சாவுகளும் எண்ணப்படத் தொடங்கிய மாநிலத்தில், எத்தனை பேருக்கு ஒவ்வாமை வந்தது, முதலில் எந்த ஊசி போடப்பட்டது, எத்தனை நிமிடத்தில் என்பதையும் எண்ணத் தொடங்கினால் செங்கல்பட்டு மருத்துவமனையின் ஓராண்டுப் பதிவேடே பல விவாதங்களை முடித்துவைக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஜோடிக்கு உரிய நேரத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது இருக்கிறது. விஷமுறிவு மருந்து ஏறி, பிழைத்து, வீடு திரும்பிய ஊரப்பாக்கத்துக்காரருக்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலடிக்கலாம். உடம்பெங்கும் அரிப்பும் தடிப்பும் வரலாம். முழங்காலும் மணிக்கட்டும் வலிக்கலாம். 1905இல் பிர்கேயும் ஷிக்கும் எழுதிய சீரம் நோய் இது. இங்கே நிமிடங்களின் ஓட்டம் இல்லை, நாள்களின் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் பெரியவர்களுக்கு ஐந்து நாள் குளோர்பெனிரமின், ஆறு மணிக்கொருமுறை 2 மில்லிகிராம். ஓரிரு நாளில் கேட்காவிட்டால் பிரட்னிசலோன், ஆறு மணிக்கொருமுறை 5 மில்லிகிராம், ஐந்து முதல் ஏழு நாள். ஸ்டீராய்டுக்கு வேண்டிய மணிநேரங்கள் இங்கே தாராளமாக இருக்கின்றன. அவிலின் தூக்கம் எந்த இமையையும் மறைக்கப் போவதில்லை. சர்க்கரை நோயாளியாக இருந்தால் அந்த வாரம் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். வண்டி ஓட்டுபவராக இருந்தால் சி.பி.எம். சாப்பிட்ட பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறக்கூடாது. நடைமுறைச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஏழாம் நாள் வந்த அரிப்பைக் காட்ட அவர் போகும் மருந்துக்கடைக்காரருக்கோ தெருமுனை மருத்துவருக்கோ அது ஒரு வாரத்துக்கு முன் ஏற்றிய குதிரைப் புரதத்தின் விளைவு என்று தெரிய வாய்ப்பில்லை. மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தரும் சீட்டில், விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி ஏற்றப்பட்டது, எந்த நாளில், இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால் எங்கே வர வேண்டும் என்ற மூன்று வரிகளைத் தமிழில் எழுதித் தந்தால் போதும்.